வைரப் பெட்டியோடு கரியாலூருக்கு

தியாகதுருகத்தில் எங்கள் தெருமுனையில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். மழை வருமா வராதா என்று அந்த மலையைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஐம்பது வருஷமாக நடவுக்குக் கிளம்பியிருக்கிறேன். ஒருநாளும் ஏறியதில்லை. கூலிக்குப் போகிறவளுக்கு மலையில் என்ன வேலை? போன மாசம் ஏறினேன். அதுவும் ஜீப்பில், முன் சீட்டில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சாந்தி எழுதுகிறாள். என் பேச்சுக்குத் தலைவாரிப் பூ வைத்துத்தான் எழுதுகிறாள், போகட்டும்.

போன காரணம் சாந்தியின் மகள் மலர்விழி. என் பேத்தி. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வைரத்தை வைத்துக் காந்தத்தை அளக்கிற பெட்டி செய்கிறாள். குவாண்டம் சென்சார் என்று அதற்குப் பெயர். பெயர் இருக்கட்டும், நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நொய்யரிசி அளவு ஒரு வைரத் துணுக்கு. நகைக்கடை வைரமில்லை, தொழிற்சாலையில் செய்தது. அதற்குள் வேண்டுமென்றே பழுது வைத்திருக்கிறார்கள். கரியணு இருக்கவேண்டிய ஓர் இடம் காலி, பக்கத்து இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பழுதின்மேல் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் சிவப்பாக மினுங்கும். ரேடியோவைத் திருகுவதுபோல் ஓர் அலையைத் திருகிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கும். பக்கத்தில் காந்தம் இருந்தால் மங்குகிற இடம் தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பார்த்தால் எவ்வளவு காந்தம் என்று தெரிந்துவிடும். முள்ளும் இல்லை, தராசும் இல்லை. வெளிச்சத்தைப் பார்த்தே படித்துவிடுகிறார்கள்.

இதில் மலரின் பங்கு ஒரு கிண்ணம். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் பெரும்பங்கு வைரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளுமாம். வெளியே வருவதும் நாலாபக்கம் சிந்திவிடுமாம். அதைச் சிந்தாமல் பிடிக்க, உள்ளே பளபளவென்று இருக்கிற சின்னக் கிண்ணம் ஒன்றை அவளே வடிவம் போட்டுச் செய்திருந்தாள். மூடி போட்ட குங்குமச் சிமிழைவிடப் பெரிதில்லை. அவளுடைய மேலதிகாரிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கூடத்துக்குள் நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலிலும் காற்றிலும் நிற்குமா என்று கேட்டுவிட்டார். கரன்ட் கம்பி, லாரி எதுவும் இல்லாத இடத்தில் ஒரு முழுப் பகல் ஓட்டிக்காட்ட வேண்டும். அதற்கு மூன்று நாள். நின்றால் அவள் கிண்ணம் நிலைக்கும். நிற்காவிட்டால் பழைய லென்ஸ் முறைக்கே திரும்பிவிடுவார்கள். மலருக்கு அப்போது ஆறு மாசம். பிரசவ லீவு முடிந்து அவள் திரும்பும்போது அங்கே அவளுடையது என்று ஒன்றும் இருக்காது.

மாப்பிள்ளை துபாயில். சாந்திக்கு நூறுநாள் வேலை. ஆறு மாசக்காரியைத் தனியாக மலைக்கு அனுப்ப முடியாது என்று நான் கூடப்போவதாக முடிவாயிற்று. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சாந்தி வாயைத் திறக்குமுன்பே நான் புடவையை மடித்துவிட்டேன்.

புறப்படும் முன் ஒரு காரியம் செய்தேன். மலர் சாய்ந்து உட்கார இலவம்பஞ்சில் ஒரு திண்டு தைத்தேன். அதற்குள் என் கருக்கரிவாளின் முறிந்த முனையை, விரல் நீளம் இருக்கும், வைத்துத் தைத்துவிட்டேன். புள்ளத்தாச்சி ஊர்விட்டு ஊர் போனால் கூட ஓர் இரும்பு இருக்கவேண்டும். காற்றுக் கறுப்பு அண்டாது. எனக்கு அப்படித்தான் என் மாமியார் செய்தாள், சாந்திக்கு நான் செய்தேன். மலரிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. காந்தம் அளக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் இரும்பை அனுப்புகிறோம் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

கள்ளக்குறிச்சிவரைக்கும் பஸ். பெட்டியை யார் கையிலும் கொடுக்காமல் மலர் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுப் பெண் பலகாரமா என்று கேட்டாள். எனக்கு வாய் நிற்காது, வைரம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் ஒருத்தர் பேசவில்லை. பின்சீட்டில் இருந்த பெரியவர் ஒருத்தர் எழுந்து வந்து எங்கள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு காவலாக நின்றார். மலர் என் தொடையில் கிள்ளினாள். இது நொய் அளவுதான், விற்கவும் முடியாது, உள்ளே பழுது என்று அவள் விளக்கியதும் அந்தப் பெண்ணுக்கு எங்கள்மேல் பெரிய பரிதாபம் வந்துவிட்டது.

"பழுதுன்னு தெரிஞ்சே வாங்கினீங்களாம்மா?" என்றாள். "கடக்காரன் நல்லா ஏமாத்திக்கிறான்."

பஸ் நிலையத்தில் ஜீப்போடு தபன் காத்திருந்தான். மலரோடு வேலை பார்க்கிற வங்காளத்துப் பையன், முப்பது வயசிருக்கும். தமிழில் 'சாப்பாடு', 'போதும்' இரண்டும் தெரியும். முதலாவதைத்தான் அதிகம் சொல்வான். மற்றதையெல்லாம் அவன் இங்கிலீஷில் சொல்ல மலர் எனக்குத் தமிழில் சொல்வாள். ஓட்டுநர் ஏழுமலை, வெள்ளிமலைக்காரர். மலை ஏறுமுன் பரோட்டா வேண்டாம் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். தபன் நான்கு சாப்பிட்டான். ஏழாவது வளைவில் நான்கும் வெளியே வந்துவிட்டன. நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். அதை அவன் முகராமல் கடித்துத் தின்றுவிட்டான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கரும்பு லாரியில் கட்டின்மேல் உட்கார்ந்து போனவளுக்கு ஜீப் ஒரு தொட்டில்.

ஒவ்வொரு வளைவிலும் காற்று மாறியது. கீழே எங்கள் ஊர்ப்பக்கம் தகதகவென்று காய, இங்கே புடவையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. மழை வருமா என்று நான் கேட்கிற மலை இதுதானா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். மேலே நின்று பார்த்தால் எங்கள் ஊர் இருக்கிற திசையே புகை மாதிரித்தான் இருந்தது.

வெள்ளிமலையில் ஏழுமலையின் அக்கா சின்னப்பொண்ணு வீட்டில் தங்கினோம். என் வயசுதான், ஆனால் நடையில் என்னை இரண்டு மடங்கு மிஞ்சுவாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாமை கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. ரேஷன் அரிசி தின்று பழகிய வயிறு இன்னும் கொஞ்சம் கேட்டது. மரவள்ளியை அவித்து மிளகாய் உப்பு வைத்துக் கொடுத்தாள். எங்கள் பக்கம் மரவள்ளி லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடும், தட்டுக்கு வராது. இங்கே முதல் போணி வீட்டு அடுப்புக்குத்தான்.

மறுநாள் காலை கரியாலூருக்கு அப்பால் ஒரு சரிவுக்குப் போனோம். சாமை அறுத்த கொல்லை, கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. ஜீப்பை வெகுதூரத்தில் வளைவுக்கு அந்தப்பக்கம் நிறுத்தச் சொன்னாள் மலர். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, இரும்பென்று இருப்பதையெல்லாம் போடச் சொன்னாள். ஏழுமலை சாவிக்கொத்தைப் போட்டார். தபன் பெல்ட்டைப் போட்டுவிட்டு பேன்ட்டைப் பிடித்துக்கொண்டான். சின்னப்பொண்ணு இடுப்புக் கத்தியைப் போட்டாள். நான் ஜாக்கெட் பின் மூன்று, கொண்டை ஊசி நான்கு, பல்குத்தி ஒன்று எல்லாம் போட்டேன்.

"அவ்ளோதானா ஆயா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். திண்டு ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அது என்னுடையதில்லையே. அது வயிற்றுப் பிள்ளையின் காவல். காவலைக் களைந்து டப்பாவில் போட எனக்கு மனசு வரவில்லை.

பெட்டியை மரப்பலகைமேல் வைத்து, கறுப்புத் துணி மூடினார்கள். மூடுமுன் எனக்கு ஓர் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுவிட்டுக் காட்டினாள். பச்சை மறைந்துபோய், நடுவில் சிவப்பு மட்டும் நின்றது. அடுப்பு அணைந்தபிறகு சாம்பலுக்குள் ஒரே ஒரு கங்கு கண் திறந்திருக்குமே, அப்படி. இத்தனைக்கும் சூடு இல்லை. எழுபதை எட்டப்போகிற வயசில் இப்படி ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவே மனசில்லை.

ஐம்பது தப்படிக்கு அப்பால் இன்னொரு கருவியை வைத்தார்கள். அது பழகிய கருவி, பொய் சொல்லாது. பூமிக்கே காந்தம் உண்டாம், அது வெயில் ஏற ஏறக் கொஞ்சம் ஏறி இறங்குமாம். இரண்டு கருவியும் அதை ஒரே திரையில் கோடாக வரையும். ஏரில் பூட்டிய ஜோடி மாதிரி இரண்டு கோடும் சேர்ந்தே போகவேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை பிரியாமல் போனால் மலருக்கு ஜெயம்.

ஒரு நாழிகைகூடச் சேர்ந்து போகவில்லை. மலர் திண்டில் சாய்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைரத்தின் கோடு திமிர்பிடித்த காளை மாதிரி விலகிவிட்டது. எழுந்து போய் ஒயரைச் சரிபார்த்துவிட்டுத் திண்டை நகர்த்திப்போட்டு உட்கார்ந்தாள், கோடு வேறுபக்கம் போயிற்று. வெயிலில் கிண்ணத்தின் பசை இளகுகிறதோ, கிண்ணம் அசைகிறதோ என்று இரண்டுபேரும் பேசிக்கொண்டார்கள். நிழல் கட்டினார்கள். ஈரத்துணி போட்டார்கள். மத்தியானம் மேகம் மூடியது, அப்போதும் கோடு விலகியே இருந்தது. மலருக்கு முகம் சுண்டிவிட்டது. சின்னப்பொண்ணு கொண்டுவந்த சோற்றை இரண்டு வாய்க்குமேல் தொடவில்லை.

சாயங்காலம் அவள் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் திண்டைத் தட்டி உப்பவைக்கலாமென்று தூக்கினேன். திரையில் கோடு துள்ளியது. கீழே வைத்தேன், இறங்கியது. யாரும் பார்க்கவில்லை. காலால் திண்டை மெல்ல ஒரு ஜாண் தள்ளினேன். கோடும் தள்ளிப்போயிற்று. உள்ளே இருந்த அரிவாள் முனையின் வேலைதான்.

வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. சொன்னால் இரும்பைப் பிடுங்கிவிடுவாள். முன்பின் தெரியாத மலை, ஆறு மாசத்து வயிறு, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் சாந்தி முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டாலோ பேத்தியின் பிழைப்பு போகிறது. இரண்டுபக்கமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலர் தபனிடம் என்னவோ சொல்லிவிட்டுப் பித்தளைத் திருப்புளி ஒன்றைக் கையில் எடுத்தாள். கிண்ணத்தைக் கழற்றிவிட்டுப் பழைய லென்ஸை மாட்டப்போகிறேன், நாளைக்கு அதையாவது ஓட்டிப்பார்க்கிறோம் என்று எனக்கும் சொன்னாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. திருப்புளியைக் கிண்ணத்தின்பக்கம் கொண்டுபோனாள்.

"மலரு, அத்தக் கழட்டாத," என்றேன். "கோளாறு கிண்ணத்துல இல்ல. திண்டுல. உள்ள கருக்கறுவா மொனைய வெச்சித் தெச்சிக்கிறேன்."

அவள் திண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் திண்டைப் பார்த்தாள்.

"கொண்ட ஊசியக் கூட எண்ணிக் குடுத்தியே ஆயா. இத்த மட்டும் ஏன் குடுக்கல?"

"அது என்னுதில்லடி. ஒன்னுது."

அவள் திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபத்தில் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தபன் என்ன என்ன என்று கேட்க, அவனுக்குச் சொன்னாள். அவன் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான், அப்படிச் சிரிப்பு. அவன் சொன்னதை மலர் எனக்குச் சொன்னபோது அவளுக்கும் உதடு துடித்தது.

"அவங்க ஊர்ல கல்யாணமான பொம்பளைங்க கையில இரும்பு வளையல் போடுவாங்களாம் ஆயா. அவங்கம்மாவும் போட்டுக்கிறாங்களாம். கூடத்தப் பாக்க வந்தவங்கள இவரு வாசப்படியத் தாண்ட வுடலியாம். ஆறு மாசம் பேசலியாம் அம்மா."

எனக்கு அவன் அம்மாமேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது.

மலர் திருப்புளியை வைத்துவிட்டாள். பல்லாலேயே தையலைப் பிரித்து அரிவாள் முனையை எடுத்து என் கையில் கொடுத்து, பெட்டியை விட்டு ஒவ்வொரு தப்படியாக நடக்கச் சொன்னாள். ஒரு தப்படி, நில். கோடு ஓர் ஓரத்தில் கிடந்தது. இரண்டு, நில். பாதிக்குமேல் திரும்பிவந்துவிட்டது. நான்காவதில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. ஐந்தாவதில் இரண்டு கோடும் சேர்ந்துகொண்டன. திரும்ப வரச்சொன்னாள். திரும்பப் போகச்சொன்னாள். நாற்றுக்கட்டோடு வரப்பில் நடப்பதுபோல் ஏழெட்டுத் தடவை நடந்தேன். அவள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். இத்தனூண்டு இரும்பைத் துணிக்கும் பஞ்சுக்கும் உள்ளே இத்தனை சரியாகக் கண்டுபிடிக்கிறதென்றால் கிண்ணம் வெளிச்சத்தைச் சிந்தாமல் பிடிக்கிறது என்றுதானே அர்த்தம் என்றாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ரத்தம் அப்போதுதான் வந்தது.

ஆனாலும் முழுப் பகல் ஓடினால்தான் கணக்கு. ஒரே ஒரு நாள் பாக்கி. இரும்பு விஷயத்தில் நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் வெறும் திண்டோடு உட்காருவாள். அரிவாள் முனையை மடியில் கட்டிக்கொண்டு நான் நாற்பது தப்படி தள்ளிக் கடுக்காய் மரத்தடியில் இருப்பேன். காவல்காரன் வீட்டுக்குள்ளேயா படுக்கிறான், வெளியில்தானே நிற்கிறான் என்று என் மனசை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆளில்லாத சரிவு என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கென்று ஊரே அந்தப் பாதையில்தான் வந்தது. மண்வெட்டியோடு ஒருத்தர் வந்தார், எழுந்து ஓடிச் சுற்றிப் போகச் சொன்னேன். ஆடு ஓட்டிக்கொண்டு தொரட்டியோடு ஒரு பெண் வந்தாள். தொரட்டிமுனையில் அரிவாள். அவளை ஆட்டோடு திருப்பிவிட்டேன். சின்னப்பொண்ணு அந்தப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். வெயில் இறங்குகிற நேரம், மோட்டார் சைக்கிளில் ஓர் இளந்தாரி வந்தான். நான் நடுப்பாதையில் கையை விரித்து நின்றேன்.

"இன்னா ஆயா, ரோட்ட வாங்கிட்டியா?"

"வாங்கல. ஒரு நாளு வாடகைக்கு எடுத்துக்கிறேன். எறங்கித் தள்ளிக்கினு அப்படிக்கா போ."

"எதுக்கு?"

"வெவரம் கேட்டுக்கினு நின்னா அங்க கோடு பிரிஞ்சிடும். போ சாமி."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வண்டியை அணைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கீழ்ப்பாதையில் தள்ளிக்கொண்டு போனான். மலைக்காரர்கள் நல்லவர்கள். எங்கள் ஊரில் இப்படி நடுவே நின்றிருந்தால் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டியிருப்பார்கள்.

இடையிடையே மலரைப் பார்ப்பேன். குனிந்த தலை நிமிராது. மத்தியானம் அவள் திடீரென்று வயிற்றில் கையை வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மடியில் முனையோடு பத்துத் தப்படி ஓடிவிட்டு, அப்புறம் நினைப்பு வந்து நின்றேன். அவள் கையசைத்தாள். பிள்ளை உதைக்கிறதாம். இங்கிருந்தே கும்பிட்டுவிட்டு மரத்தடிக்குத் திரும்பிவந்தேன்.

மேற்கே வெயில் மரத்துக்குக் கீழே இறங்கியபோது தபன் எழுந்து நின்றான். மலர் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து என்னை நோக்கி நடந்து வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கியிருந்த காலை நீட்டிக்கொண்டாள்.

"காத்தால இருந்து ஒரு தபாகூடப் பிரியல ஆயா," என்றாள். "வண்டிக்காரன் வந்தப்பகூட."

அவள் காலை எடுத்து என் மடியில் வைத்து நீவிவிட்டேன். அங்கே கறுப்புத் துணிக்குள் இன்னும் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். இந்தப் பெட்டியால் உன் வயிற்றுப் பிள்ளையின் இதயம் துடிப்பதைத் தொடாமல் கேட்க முடியுமா என்று கேட்டேன். இதற்கு அவ்வளவு கூர்மை இல்லை, இதற்குப் பாறைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கிற அளவுக்குத்தான் தெம்பு, இதயத்துக்கு இன்னும் ஆயிரம் மடங்கு வேண்டும் என்றாள். செய்யமுடியாது என்று சொல்லவில்லை.

மறுநாள் இறங்கினோம். தபன் வெறும் வயிற்றோடு வந்தான். பாதி மலையில் ஒரு வளைவில் போனுக்கு உயிர் வந்து மணியடித்தது. மேலதிகாரி. மலர் முந்தின நாளே எல்லாக் கோட்டையும் வெள்ளிமலையிலிருந்து அனுப்பியிருந்தாள். ஏழுமலை சொல்லாமலே ஜீப்பை ஓரங்கட்டி அணைத்துவிட்டார். மலர் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓகே சார், ஓகே சார் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போனை வைத்தாள். கிண்ணம் இருக்கிறது என்றாள். அதே மாதிரி இன்னும் இரண்டு செய்யச் சொல்லியிருக்கிறார். பிரசவம் முடித்து வந்து அவளே முன்னின்று செய்யட்டும், அதுவரை தபன் பார்த்துக்கொள்வான். ஏழுமலை ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். தபன் 'சாப்பாடு' என்றான்.

"அடுத்த பொட்டிக்கு எந்த மலைக்குப் போவணும்?" என்றேன்.

"மல இல்ல ஆயா. கடலு. படகுல வெச்சி ஓட்டணும்."

நான் கடலையும் பார்த்ததில்லை. கைப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டு புடவை போதுமா, குளிருமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இரண்டு வளைவு இறங்கினேன். மூன்றாவது வளைவில்தான் ஒன்று உறைத்தது.

"மலரு, அந்தப் படகு மரமா, இரும்பான்னு முன்னாடியே கேட்டு வெச்சிக்கோ."

மலர் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் அதை அப்படியே தபனுக்குச் சொன்னாள். தபன் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஜீப் குலுங்கக் குலுங்க, அதை எழுதிக்கொண்டான்.